விதைநெல் வழக்கு

சுதாகரன் மாஸ்டருக்கு டெங்கு என்று நூலகர் ஜெயரூபி வந்து சொன்னபோது ஸுஹறா டீச்சர் கிணற்றடியில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜெயரூபி ஸ்கூட்டியை விட்டு இறங்கவுமில்லை, ஹெல்மெட்டைக் கழற்றவுமில்லை. காய்ச்சல்காரர் மேல் இரக்கப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாத முகம். "மனிசன் நேற்று வரைக்கும் நல்லாத்தான் திரிஞ்சவர் டீச்சர். இப்ப போய்ப் பாத்தா வாட்டில சேலைன் ஏறுது. நாளைக்குப் பின்னேரம் வழக்காடு மன்றம். நோட்டீசும் அடிச்சு ஊரெல்லாம் குடுத்திட்டம். இனி நான் ஆரைப் பிடிக்கிறது?" என்றாள்.

ஒக்டோபர் வாசிப்பு மாதம். பிரதேச சபை நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை சொல்லல், பெரியவர்களுக்குக் கவியரங்கு என்று என்ன வைத்தாலும் கதிரைகள் காலியாகத்தான் கிடக்கும். வழக்காடு மன்றத்துக்கு மட்டும் சனம் வரும். கதைகளில் வருகிற யாரையாவது குற்றவாளி என்று கூண்டிலேற்றி, ஒருவர் வழக்குத் தொடுக்க, ஒருவர் அவருக்காக வாதாட, நடுவர் தீர்ப்புச் சொல்வார். புராணத்து ராசா ராணிகளெல்லாம் ஒவ்வொரு வருஷமாக வந்து தண்டனையோ விடுதலையோ பெற்றுப் போய்விட்டார்கள். வழக்குத் தொடுப்பது எப்போதும் சுதாகரன் மாஸ்டர். எதிர்த்து வாதாடுவது எப்போதும் ஸுஹறாவின் புருஷன் இஸ்ஸதீன். மேடையில் ஏறிவிட்டால் இஸ்ஸதீனை இறக்குவது பெரும்பாடு. எந்தக் கேள்வியையும் பதில் சொல்லாமல் விடமாட்டார், விட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதே மனிதர் வீட்டில் வாயைத் திறப்பது கொட்டாவிக்கு மட்டும்தான்.

இந்த வருஷம் ராசாவும் இல்லை ராணியும் இல்லை. கூண்டில் ஏறப்போகிறவன் விதைநெல் பாட்டில் வருகிற கமக்காரன். அந்தப் பாட்டு யார் எழுதியதென்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடப் படி மிதித்த எவருக்கும் அது மறக்காது. மழை பொய்த்த வருஷம், வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை, பெட்டியின் அடியில் விதைக்கென்று வைத்த நெல் மட்டும் இருக்கிறது.

பஞ்சம் வந்த வாசலிலே பானை கவிழ்ந்திருக்கும்
அஞ்சு தட்டும் காய்ந்திருக்கும் அடிப்பெட்டி நெல்லிருக்கும்
குத்திச் சமைப்பேனோ கொண்டு விதைப்பேனோ

பிள்ளைகள் அழ, பெண்சாதி முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவன் நெல்லைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகிறான். விதைக்கிறான். வானம் பார்த்திருக்கிறான். கடைசியில் பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற இடம் வரும்:

மாரி பொழிந்ததடி மண்ணும் சிரித்ததடி
நாலு தட்டு நிறைந்ததடி நல்லகாலம் வந்ததடி

பிள்ளையைக் கம்பசுக்கு அனுப்புவதா கட்டிக்கொடுப்பதா, காணியை விற்று வெளிநாடு போவதா கிடப்பதா, எந்தச் சிக்கல் வந்தாலும் இந்தப் பக்கத்துச் சனம் 'குத்துறதோ விதைக்கிறதோ' என்று பெருமூச்சு விடும். சோதனைக்கு எழுதவேண்டிய விடையும் எல்லாருக்கும் பாடம்: தூரநோக்கு, தியாகம், உழைப்பின் மேன்மை. ஸுஹறாவே புத்தளத்தில் இடம்பெயர்ந்தோர் பள்ளிக்கூடத்தில், கிடுகுக் கொட்டகையிலும் பிறகு சீமெந்துக் கட்டடத்திலுமாக, தலைமுறை ஒன்றுக்கு அந்த விடையைச் சொல்லி எழுதுவித்தவள். ஒருமுறை ஒரு பெட்டை எழும்பி, தொடக்கத்தில் அஞ்சு தட்டு, முடிவில் நாலு தட்டு, அது ஏன் டீச்சர் என்று கேட்டாள். 'நாலு, நல்லகாலம், மோனை அழகாக வரவேணுமெண்டு புலவர் அப்படிப் பாடியிருக்கிறார்' என்று ஸுஹறா சொன்னாள். அவளுக்குப் படிப்பித்த டீச்சரும் அப்படித்தான் சொன்னவர். பெட்டையும் அப்படியே எழுதிக்கொண்டு இருந்துவிட்டாள்.

"ஆரையும் பிடிக்க வேண்டாம்," என்றாள் ஸுஹறா, கையிலிருந்த செதிளை வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டே. "நான் தொடுக்கிறன் வழக்கு."

ஜெயரூபி இப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "சேரோடயா டீச்சர்? புருஷனும் பெண்சாதியும் எதிரெதிரா நிண்டா சனம் சிரிச்சே சாகும்."

"சிரிக்கட்டும். கன நாளாச்சு இந்த ஊர்ச் சனம் சிரிச்சு."

அவள் ஏன் சம்மதித்தாள் என்பது ஜெயரூபிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நோட்டீசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருப்பாள். ஸுஹறாவும் இஸ்ஸதீனும், முஸ்லிம்கள் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, மற்றச் சனத்தோடு சனமாக ஊரை விட்டுப் புத்தளம் போனவர்கள். அங்கேயே பிள்ளைகள் பிறந்து, அங்கேயே வீடு கட்டி, மூத்தவள் ஷமீலாவை அங்கேயே கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. சண்டை முடிந்து, திரும்பிப் போகலாம் என்றானபோது பாதிப்பேர் போனார்கள், பாதிப்பேர் இருந்த இடமே போதும் என்றார்கள். ஸுஹறாவுக்கு இருந்த இடம் போதும். இஸ்ஸதீனுக்குப் போதாது. வாப்பாவின் வயல் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காடு பத்திக் கிடக்கிறது, அதை வெளியாக்கி விதைக்காமல் மௌத்தானால் கபுறுக்குள்ளும் புரண்டு படுப்பேன் என்றார். கடைசியில் பாட்டைத்தான் சொன்னார். 'இஞ்ச இருந்து குத்தித் திண்டுகொண்டே இருக்கிறம் ஸுஹறா. விதைக்கப் போவம்.' அவளுக்கும் அந்த நேரம் அது அழகாகத்தான் இருந்தது. இளையவன் முன்ஸிரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் வாப்பாவை விட வயலில் பைத்தியமானான்.

வயல் காட்டோரம். மாரிமழைக்கு விதைக்கிற காலபோக நெல் கதிர் பறியத் தொடங்கினால் யானை வரும். வெடி கொளுத்தி விரட்டுவதற்குக் காவல் கொட்டிலில் ஆள் கிடக்கவேண்டும். ஒருநாள் இஸ்ஸதீனின் முறை. மனிதருக்குத் தடிமன், இருமல். முன்ஸிர், 'நீங்க கிடவுங்கோ வாப்பா, நான் போறன்' என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். விடிய அடுத்த வயல்காரர் கனகலிங்கம் முற்றத்தில் வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். ஸுஹறாவுக்கு அது போதுமாக இருந்தது.

முன்ஸிருக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சோறு கொடுத்த அன்று, முற்றத்தில் யாரோ ஒரு பிள்ளை விளையாட்டுப் போக்கில் அந்தப் பாட்டைப் பாடியது. குசினிக்குள், பலர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற சஹனில் சோறு போட்டுக்கொண்டிருந்த ஸுஹறாவின் கை அப்படியே நின்றுவிட்டது. மோனையாவது மண்ணாவது. பாட்டில் வருகிற அந்த வீட்டில் ஒரு பிள்ளை செத்துப்போயிருக்கிறது. இத்தனை வருஷமும் இத்தனை பிள்ளைகளைக் கைதட்டிப் பாட வைத்தோமே என்று அவளுக்கு நெஞ்சு காந்தியது. ஊரார் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று காலபோகம் போய்விட்டது. இஸ்ஸதீன் மூன்று முறையும் விதைத்தார். காவலுக்கு இப்போது அவரே போகிறார். முன்ஸிரின் பெயரை வீட்டில் எடுப்பதில்லை. அவள் எடுத்தால் எழும்பிப் போய் ஆட்டுக்குக் குழை வெட்டுவார். புத்தளத்தில் ஷமீலா வீட்டோடு சேர்த்து அறை ஒன்று கட்டி முடித்துவிட்டாள். வாங்கோ உம்மா, வாங்கோ உம்மா என்று ஒவ்வொரு வெள்ளியும் போனில் அழுகிறாள். இந்த மண்ணில் இன்னும் ஒரு போகம் இருந்தால் தனக்கு விசர் பிடிக்கும் என்று ஸுஹறாவுக்குத் தெரியும். புருஷனை விட்டுவிட்டுத் தனியே போகவும் மனம் வரவில்லை. எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள், கெஞ்சினாள், சண்டை பிடித்தாள், நாட்கணக்கில் பேசாமலிருந்தாள். அவருக்குக் காது கேட்காது. அவர் ஒரேயொரு முறை 'நாம வந்தது பிழை' என்று சொன்னால் போதும், அதற்குப் பிறகு அவள் பெட்டி கட்டிவிடுவாள். வீட்டில் கேட்காத காது மேடையில் கேட்கும் என்றுதான் அவள் வழக்குத் தொடுக்கச் சம்மதித்தாள்.

மத்தியானம் சாப்பாட்டில் இருந்தபோது சொன்னாள். இஸ்ஸதீன் மீன்முள்ளை விரலில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தே கனகாலம்.

"என்னோட வாதாட ஆள் கிடைக்காமக் கடைசில என்ர பெண்சாதியையே இறக்கிப்போட்டாங்களோ?"

"நான் வெண்டால் ஒண்டு கேப்பன்."

"என்ன?"

"இந்தப் போகம் விதைக்கப்படாது. புத்தளம் வரவேணும். இனி அங்கதான்."

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "முதல்ல வெல்லு பாப்பம்," என்றார். மறுக்கவில்லை என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. அன்றிரவு ஷமீலாவுக்குப் போன் எடுத்து, அறைக்குக் கட்டில் வாங்கிவிட்டாயா என்று கேட்டாள்.

மறுநாள் பின்னேரம் நூலக மண்டபத்தில் கதிரை போதவில்லை. புருஷன் பெண்சாதி வழக்கு என்று ஜெயரூபி காலையிலேயே ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள். வெக்கை. மூன்று கிழமையாக வானம் இருண்டு இருண்டு கலைகிறது. விதைத்தவர்கள் மழை இல்லையென்றும் விதைக்காதவர்கள் மழை வந்துவிடுமோ என்றும் மேலேயே பார்த்துக்கொண்டு திரிந்த நாட்கள். நடுவர் நாற்காலியில் கனகலிங்கம். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குளத்துக் குடியேற்றத்துக்கு வந்தவர். இவர் இங்கேயே பிறந்து, கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து, இப்போது கமம் மட்டும். நல்ல மனிதர். அன்று விடியற்காலை முற்றத்தில் நின்றதிலிருந்து ஸுஹறாவைக் கண்டால் நிலத்தைப் பார்த்துத்தான் கதைப்பார். இன்றும் "வழக்குத் தொடுநர் தன்ர வாதத்தைத் தொடங்கலாம்" என்று மேசை விரிப்பைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஸுஹறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மைக்குக்கு முன்னால் போனாள். எத்தனையோ வகுப்புகளைக் கட்டி மேய்த்த குரல் அது, நடுங்கவில்லை. "நடுவர் அவர்களே, வீட்டில கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வியளோட மன்றத்துக்கு வந்திருக்கிறன்" என்றாள். மண்டபம் சிரித்துக் குலுங்கியது. "எங்கட வீட்டில சட்டம் இயற்றுறது நான். கையெழுத்து வைக்கிறது மட்டும் அவர். இந்தக் கமக்காரன் வீட்டில பாருங்கோ, மனிசியிட்ட ஒரு வார்த்தை கேட்டவனோ? அவள் முகத்தைத் திருப்பினவள் எண்டு பாட்டிலயே இருக்கு. கேக்காமத் தூக்கிக்கொண்டு போறான். முதலாவது குற்றம் அது." பெண்கள் பக்கம் கைதட்டல் விழுந்தது. இஸ்ஸதீனும் கைதட்டினார், பெருமையோடு.

பிறகு அவள் பாட்டைப் பாடச் சொன்னாள். முழு மண்டபமும் பாடியது, கடைசி அடிக்கு எல்லாரும் கைதட்டினார்கள். ஓசை அடங்கும்வரை நின்றாள்.

"இப்ப எண்ணுங்கோ," என்றாள். "தொடக்கத்தில எத்தினை தட்டு?"

"அஞ்சு," என்றது மண்டபம்.

"முடிவில?"

சிலர் சொன்னார்கள். சிலர் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார்கள்.

"எங்கட ஆக்கள் சஹன்ல வளைஞ்சிருந்து தின்னுற ஆக்கள். தட்டு எண்ணிப் பழக்கமில்ல. அதால எனக்குப் பிந்தித்தான் தெரிஞ்சுது. மோனைக்காக வந்தது எண்டு நானும் படிப்பிச்சனான், என்னட்டப் படிச்ச பிள்ளையளும் இப்ப படிப்பிக்கிறாங்க. மோனைக்காக ஆரும் ஒரு பிள்ளையைக் குறைப்பாங்களோ? நெல் முளைக்கிறதுக்கும் விளையிறதுக்கும் இடையில அந்த வீட்டில ஒரு பிள்ளை போயிற்று. பாட்டுக் கட்டினவன் அதைச் சொல்லேல்ல. தகப்பனும் சொல்லேல்ல. நல்லகாலம் வந்ததடி எண்டு பாடுறான்." அவள் முதன்முறையாக இஸ்ஸதீனின் பக்கம் திரும்பினாள். "எனக்கு இந்தாளைத் தூக்கில போட ஆசையில்ல, நடுவர் அவர்களே. 'விதைச்சது பிழை' எண்டு வாயால ஒருக்காச் சொன்னாக் காணும். நான் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு போயிருவன்."

யாரும் கைதட்டவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். தெரியாத வெளியூர்க்காரர்கள், என்ன திடீரென்று இழவு வீடு போலாகிவிட்டதே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார், மறுபடி துடைத்தார். ஸுஹறா வந்து கதிரையில் இருந்தாள். மனதுக்குள், இத்தனை வருஷத்தில் முதன்முறையாக, ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இதற்குப் பதில் கிடையாது. புலவனே எழும்பி வந்தாலும் இந்தத் தட்டைக் கொண்டுவந்து வைக்க முடியாது. இனி அந்த மனிதர் சொல்லியே ஆகவேண்டும்.

இஸ்ஸதீன் எழும்பக் கொஞ்சம் நேரமெடுத்தது. எழும்பினார், தொண்டையைச் செருமினார், மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். "கனம் நடுவர் அவர்களே, இண்டைக்கு நான் வழக்கில தோத்தாலும் சோறு கிடைக்காது, வெண்டாலும் சோறு கிடைக்காது" என்றார். பாவம் சனம், சிரிக்க ஒரு சாட்டுக் கிடைத்ததே என்று விழுந்து விழுந்து சிரித்தது.  இதையும் சிரித்து மழுப்பப் போகிறார் என்று ஸுஹறா நினைத்தாள்.

"டீச்சர் தட்டை எண்ணினா. சரியாத்தான் எண்ணினா. எனக்கும் இவ்வளவு நாளும் தெரியாது. ஆனா ஒண்டு, எண்ணுறதுக்கு முதல் அவ வயலை ஒருக்கா எட்டிப் பாத்திருக்கோணும்." வழக்கமாகச் சிரிப்புக்கு இடம்விட்டு நிறுத்துகிறவர், இப்போது நிறுத்தாமல் போனார். "முதல் வெட்டின துண்டில புதுநெல்லுச் சோறு ஆக்கியிருக்கு. மிச்ச வயல் இன்னும் வெட்டேல்ல. கதிர் முத்தி நிக்குது. அந்த நேரம் அஞ்சு பேரும் வீட்டில குந்தியிருந்து திண்டா வயலை ஆர் பாக்கிறது? பண்டி வராதோ? யானை வராதோ? ஒருத்தன் காவலுக்குப் போயிருக்கிறான். அதுதான் தட்டு நாலு. அவனுக்குத் தட்டில போடேல்ல. அவனுக்கு இலையில கட்டி எடுத்து வைச்சிருக்கு."

பின் வரிசைகளில் பலமான கைதட்டல். ஆகா, என்ன மடக்கு என்று யாரோ சொன்னது கேட்டது. முன்வரிசை அசையவில்லை.

"அவன் நல்ல பிள்ளை," என்றார் இஸ்ஸதீன். குரல் மேடைக்குரலாக இல்லை. "தகப்பனுக்கு ஏலாதெண்டு தான் போனவன். வெள்ளாமை வெட்டி முடிய வருவான். அதுவரைக்கும்... நடுவர் அவர்களே, எனக்கு ஒரு கேள்வி. பிள்ளையைக் காவலில விட்டிட்டு எந்தத் தகப்பன் ஊரை விட்டுப் போவான்? போகேலுமோ? அவன் வந்து பாக்கிற நேரம் வீட்டில ஆக்கள் இருக்க வேண்டாமோ?"

அவர் நன்றி கூட சொல்லவில்லை. போய் இருந்துவிட்டார்.

வழக்கில் ஊரை விட்டுப் போகிற பேச்சே இல்லை. பாட்டிலும் இல்லை. அந்தக் கேள்வி யாருக்கு என்று அந்த மண்டபத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். ஸுஹறா கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு காலமும் அவள், மனிதருக்கு மண்ணாசை, வாப்பாவின் வயல் என்ற வீறாப்பு, செய்த பிழையை ஒப்புக்கொள்ளாத ஆம்பிளைத்தனம் என்றெல்லாம் நினைத்து அவரை வெறுத்திருக்கிறாள். வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். மண்ணுமில்லை, வீறாப்புமில்லை. மகனைத் தனியே விட்டுவிட்டுப் போக அவருக்குக் கால் எழும்பவில்லை, அவ்வளவுதான். அவள் கட்டிக்கொண்டு வந்த வாதமெல்லாம் வேறு யாரோ ஒரு மனிதனுக்கு எதிரான வாதம். இந்த மனிதனை அவளுக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

"வழக்குத் தொடுநர் விரும்பினா மறுமொழி சொல்லலாம்," என்றார் கனகலிங்கம். விரும்பாதே என்று கேட்பதுபோலிருந்தது.

ஸுஹறா எழும்பிப் போனாள். மறுமொழி அவளிடம் இருந்தது. மிகச் சுலபமான மறுமொழி. அந்தப் பாட்டில் யானை இல்லை, காவல் இல்லை, கொட்டில் இல்லை. நடுவர் பாட்டை ஒருமுறை வாசித்தாலே எதிர்த்தரப்பு விழுந்துவிடும். 'அந்தப் பிள்ளை காவலில் இல்லை, மௌத்தாகிவிட்டது' என்று ஒரு வசனம் சொன்னால் போதும், வழக்கு வென்றது, புத்தளம் கிடைத்தது. அவள் மைக்கைப் பிடித்தபடி இஸ்ஸதீனைப் பார்த்தாள். ஆசுபத்திரியில் அறைக்கதவு திறந்து டொக்டர் வெளியே வருகிறபோது வாசலில் நிற்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். தாடியெல்லாம் எப்போது இப்படி நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மைக் இரைந்துகொண்டு நின்றது. 

"எனக்கு மறுமொழி இல்ல," என்றாள் ஸுஹறா. "அவர் சொன்னது சரி. பிள்ளை காவலுக்குத்தான் போயிருக்கிறான்."

கனகலிங்கம் தீர்ப்பை நீட்டவில்லை. கமக்காரன் குற்றவாளி இல்லை என்று சொல்லி, அதைச் சொன்ன கையோடு எழும்பியும் விட்டார். விடுதலை என்றதும் வழக்கம்போல் கைதட்டல், விசில். ஜெயரூபி பொன்னாடையை இஸ்ஸதீனின் தோளில் போட, போன்களை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்தார்கள். பக்கத்தில வாங்கோ டீச்சர், தோத்தாலும் நீங்களும்தான் என்று அவளையும் இழுத்து நிறுத்தினார்கள். நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பின்னேரம் கூட்டம் முடிய எடுக்கிறேன் என்று ஷமீலா சொல்லியிருந்தாள். உம்மா வென்றாச்சா என்று கேட்பதற்கு அவளுக்கு அவசரம். அதிர்ந்து ஓய்ந்து, மறுபடி அதிர்ந்தது. ஸுஹறா பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. சனம் ஒரு கணம் நம்பாமல் நின்று, பிறகு ஹோவென்று கத்தியது. வெளியே போட்டிருந்த கதிரைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், சைக்கிள்களை ஓரம் கட்டினார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் கூடச் சின்னப் பிள்ளைகள் போல வாசலுக்கு வந்து முகத்தை நீட்டினார்கள். இனிப் பயமில்லை, நாளைக்கே இறங்கலாம் நானா என்று யாரோ இஸ்ஸதீனின் முதுகில் தட்டினார். மண் மணம் மண்டபத்துக்குள் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்த அந்த நேரத்தில் ஸுஹறாவுக்கு இனி ஒன்றுமே இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. நாளைக்கு விதைப்பார்கள். தை வரும், கதிர் பறியும், காட்டோரம் யானை வரும். அடுத்த வருஷமும் இதே மாதம் வரும். அவள் இங்கேதான் கிடந்து மௌத்தாவாள்.

இஸ்ஸதீன் விறாந்தை ஓரத்தில் போய் நின்றார். பொன்னாடையின் ஒரு முனை சாரலில் நனைந்து தொங்கியது. அவர் வானத்தைப் பார்க்கவில்லை. ஒட்டுசுட்டான் வீதிக்கு அப்பால், காடு தொடங்குகிற பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸுஹறா போய்ப் பக்கத்தில் நின்றாள். 

"குடையும் கொண்டு போகேல்ல அவன்," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவள் நனைந்து தொங்கிய பொன்னாடை முனையைப் பிழிந்து அவர் தோளில் போட்டாள்.

"கொட்டிலுக்குள்ள நிப்பான்," என்றாள். "நனைய மாட்டான்."

அவர் தலையாட்டினார். மழை வலுத்தது. வீதி மறைந்தது, வீதிக்கு அங்காலிருந்த பனைகள் மறைந்தன, காடு இருந்த இடமே தெரியவில்லை. இருவரும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.